சக்கரம் துருக்கியருடையதா?

கேள்வி: பழைய துருக்கியர்கள்தான் வண்டியைக் கண்டுபிடித்தார்கள், வண்டிக்கும் சக்கரத்துக்கும் அவர்களிடம் சொந்தச் சொற்கள் இருப்பதே அதற்குச் சாட்சி என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், திருச்சி

பதில்: சரியில்லை. சைக்கிளுக்கு மிதிவண்டி என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது, அதை வைத்து சைக்கிள் இங்கே பிறந்தது என்று சொல்ல முடியுமா? போலந்தின் புரோனோசிட்சேயில் கிடைத்த பானையில் வண்டி ஓவியம் இருக்கிறது, காலம் ஏறத்தாழ கி.மு. 3500. துருக்கிய மொழியில் கிடைத்த பெரிய கல்வெட்டுகளோ மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் கி.பி. 8ஆம் நூற்றாண்டில் வெட்டியவை.

ஆனால் அந்தச் சொற்கள் வேறொன்றைச் சொல்கின்றன, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. துருக்கிய மொழிகள் ஒரே குடும்பத்திலிருந்து பிரிந்தவை; குதிரைக்கு துருக்கியிலும் கஜகஸ்தானிலும் சைபீரியாவின் சகா மக்களிடமும் ஒரே சொல், 'அத்'. சக்கரம் என்று வந்தால் ஆளுக்கொரு சொல்: துருக்கியில் தெகெர்லெக், கஜக்கில் தோங்கெலெக், உஸ்பெக்கில் கில்திராக், எல்லாமே உருள்வது, வட்டமானது என்ற பொருளில் அவரவர் வார்த்துக்கொண்டவை. சகா மக்கள் ருஷ்யச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். குதிரை அவர்கள் பிரிவதற்கு முன்பே வீட்டுப் பொருள், சக்கரத்தின் பெயர் அப்படி நிலைத்திருக்கவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அதற்காக வண்டி தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை சீனர்கள் வடக்கே இருந்த ஒரு துருக்கியக் கூட்டத்தை 'காவ்சே', அதாவது உயர்ந்த வண்டிக்காரர்கள், என்றே அழைத்தார்கள், பெரிய சக்கரமும் நிறைய ஆரக்கால்களும் கொண்ட வண்டிகளாம். 1070களில் மஹ்மூத் அல் காஷ்கரி என்ற அறிஞர் தொகுத்த துருக்கியச் சொல் அகராதியில் சுமைவண்டிக்கு 'கங்லி' என்று சொல் இருக்கிறது, அந்தப் பெயரிலேயே ஒரு குலமும் இருந்தது. கொள்ளைப் பொருளைச் சுமக்க முடியாமல் ஒருவன் வண்டி செய்தான், அது 'கங்க கங்க' என்று கத்தியது, அதனால் அந்தப் பெயர் என்று துருக்கியர்களின் பழங்கதை நாயகன் ஓகுஸ் ககானின் கதையில் வருகிறது. சொல்லாராய்ச்சிக்கு அது நிற்காது, ஆனாலும் அச்சு கிறீச்சிடும் அந்தச் சத்தம் காதில் விழுகிறது, இல்லையா?

அப்புறம் இன்னொன்று. பழைய துருக்கிய மொழியில், விலங்கை வண்டியில் பூட்டுவதைக் குறிக்கும் 'கொல்' என்ற வினையிலிருந்து 'கொலுங்கு', அதாவது வாகனம், வந்தது. பௌத்தர்களான உய்குர்கள் என்ற துருக்கிய மக்கள், மகாயானம் என்ற பௌத்தப் பிரிவின் பெயரை மொழிபெயர்த்தபோது இந்தச் சொல்லைத்தான் எடுத்து 'உலுக் கொலுங்கு', பெரிய வாகனம், என்று எழுதினார்கள்.