தறிக்குடோனில் இருந்த இரண்டரை வருடம்

அண்ணா வணக்கம்ங்க,

சோமனூர் பக்கம் எங்க ஊரு. 2019-ல் பி.இ. மெக்கானிக்கல் முடிச்சு, கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். 2021-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. வேலையை விட்டுட்டு எங்க தறிக்குடோனை நான்தான் பார்த்துக்கிட்டேன். எட்டுத் தறி. 2023 கடைசியில அதையும் வித்துட்டோம். இப்ப இன்டர்வியூ போற இடத்துலெல்லாம் "இவ்வளவு கேப் ஏன்?"ங்கற ஒரே கேள்விதான். ஒரு கன்சல்டன்சியில 30,000 ரூபாய் கொடுத்தா அந்தக் காலத்துக்கு அனுபவச் சான்றிதழ், சம்பள ரசீது எல்லாம் தர்றோம்ங்கறாங்க. கூடப் படிச்சவங்க மூணு பேர் அப்படி வாங்கித்தான் சரவணம்பட்டியில வேலையில இருக்காங்க. உண்மையைச் சொன்ன நான் வீட்ல உக்காந்திருக்கேன். வாங்குனா தப்பாங்கண்ணா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

தப்புதான். வாங்க வேண்டாம்.

ஆனால் அந்தச் சான்றிதழைவிட என்னை அதிகம் வருத்தியது 'கேப்' என்ற சொல். கேட்டவர்கள் சொன்னதை நீங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். எட்டுத் தறியை இரண்டரை வருடம் ஓட்டியவர், அதை ஒன்றுமே செய்யாத காலமாக எழுதுகிறார். 2022 தொடக்கத்தில் துணி நெய்து கொடுக்கும் கூலியை உயர்த்தக் கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தறி நின்ற அந்த நாட்களில் கரண்ட் பில்லையும் ஆள் கூலியையும் அப்பாவின் வைத்தியச் செலவையும் சமாளித்தவர் நீங்கள்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பல வருடம் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தவன் நான். ஒருமுறை குவாலிட்டி வேலைக்கு ஒரு பையன் வந்தான். பனியன் கம்பெனியில் நாலு வருட அனுபவம் என்று சான்றிதழ் வைத்திருந்தான். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அதற்கான ஜி.எஸ்.எம். கட்டரைக் கையில் கொடுத்து ஒரு துணியைப் பார்க்கச் சொன்னேன். அந்த வட்டக் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தரும். தராசில் 1.8 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி 180 ஜி.எஸ்.எம். என்று சொல்ல வேண்டும். ஃபேப்ரிக் செக்கிங்கில் ஒரு வாரம் நின்றவர்கள்கூடச் செய்துவிடுவார்கள். அவன் கட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியில் ரப்பர் பலகை வைக்காமல் கண்ணாடி மேஜையின் மேலேயே துணியை விரித்து அழுத்தப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். நடுங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினேன். அந்த நாலு வருடமும் காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலையில் இருந்திருக்கிறான். நெல்லின் ஈரப்பதம் பார்ப்பது, மூட்டை எடை, லாரி லோடு, கணக்கு எல்லாம் அவன் பொறுப்பு. எந்தப் பருவத்தில் எந்த ஊர் நெல் எவ்வளவு ஈரத்தோடு வரும் என்று மடமடவென்று சொன்னான். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான். அதில் ஒரு வரிகூட ரெஸ்யூமில் இல்லை. இருந்திருந்தால் ஸ்டோர்ஸுக்கு அன்றைக்கே எடுத்திருப்பேன். பொய்ச் சான்றிதழோடு வந்தவனை எடுக்க முடியவில்லை. வாங்கிய நாலு வருடத்துக்கு இடம் வேண்டும் என்று, வாழ்ந்த நாலு வருடத்தை அவனே அழித்துவிட்டு வந்திருந்தான். நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

மாட்டிக்கொள்ளும் பயத்தையும் சொல்லியாக வேண்டும். பம்ப் கம்பெனியில் உங்களுக்கு பி.எஃப். பிடித்திருந்தால் 12 இலக்க யூ.ஏ.என். எண் ஒன்று இருக்கும். அடுத்த கம்பெனிக்கும் அதே எண்தான். எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதில் கிடக்கும். பொய்ச் சான்றிதழில் பெயர் இருப்பது 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கம்பெனி என்றால் பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிடும், இரண்டரை வருடம் அங்கே இருந்தவருக்கு ஒரு மாதம்கூடப் பணம் கட்டவில்லை என்றால் சரிபார்ப்பவர் அந்த இடத்தில்தான் நிற்பார். உங்கள் நண்பர்கள் மூவரும் இன்றைக்கு வேலையில் இருக்கலாம். ஒவ்வொரு முறை கம்பெனி மாறும்போதும் அதே பொய்யை மறுபடி எழுத வேண்டும். பிடிபடும் நாளில், நடுவில் உண்மையாக உழைத்த வருடங்களும் சேர்ந்தே போகும்.

அதற்காக உண்மையைச் சொன்னால் வேலை கிடைத்துவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. குழந்தைக்காக மூன்று வருடம் வீட்டில் இருந்தேன் என்று ஒரு பெண் நேராகச் சொன்னார். வேலை நன்றாகத் தெரிந்தவர். உடன் இருந்த இருவரும் வேண்டாம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. உண்மையைச் சொன்னவரை வெளியே அனுப்பிவிட்டு, பையன்கள் பொய் எழுதுகிறார்கள் என்று குறைப்பட எங்களைப் போன்றவர்களுக்கு உரிமை கிடையாது. எட்டு மணி நேர வேலை என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, சேர்ந்த மறுநாளே பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பதும் பொய்தான்.

இனி ரெஸ்யூமுக்கு வருவோம். 'டீம் பிளேயர்', 'ஹார்டு வொர்க்கர்' எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்:

"2021 – 2023: சொந்தத் தறிக்குடோன், சோமனூர். எட்டு விசைத்தறிகள். பாவு (நெசவுக்கான நீளவாக்கு நூல்) வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுத்தல். தறிப் பழுது, மோட்டார், பெல்ட் பராமரிப்பு. ஆட்களுக்கு வாரக் கூலிக் கணக்கு. தந்தையின் உடல்நலம் காரணமாகப் பொறுப்பேற்று, 2023 இறுதியில் தறிகளை விற்று முடித்தது."

நீங்கள் செய்யாதது எதுவும் இதில் இருந்தால் அடித்துவிடுங்கள். நான் விட்டதைச் சேருங்கள். நடுராத்திரியில் குறுக்கு நூலை ஓட்டும் நாடா சிக்கி அடுக்கடுக்காகப் பாவு அறுந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஒரு சம்பவத்தைத் தேதியோடு யோசித்து வையுங்கள். பல்லடம் பக்கம் ஆட்டோலூம் என்ற தானியங்கித் தறி ஓடும் கம்பெனிகளின் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு முதலில் அனுப்பிப் பாருங்கள். தறிச் சத்தத்தில் நின்றவர் யார் என்று அங்கே இருப்பவர்களுக்கு இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் இல்லை. அதையும் எழுதுங்கள்.