தோற்பாவைக் கூத்து கற்கும் 19 வயது மாணவருக்கு உதவித்தொகை மறுப்பு: வேறு வழி உண்டா?

உண்டு. தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்தின் குரு–சிஷ்யப் பரம்பரைத் திட்டத்துக்கு முயலுங்கள். அதில் விண்ணப்பத்தின் மையம் மாணவர் அல்ல, ஆசான்.

உங்கள் மாணவருக்கு மறுக்கப்பட்ட, மத்திய அரசின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு (18–25 வயது, மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள்) குருவிடம் குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சி இருக்க வேண்டும். அவர் இரண்டே ஆண்டுகள் கற்றிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மறுப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். குரு கொடுத்த சான்றிதழில் பயிற்சி தொடங்கிய ஆண்டு என்னவென்று ஒருமுறை பாருங்கள். அவர் சிறுவயது முதலே கூத்துக் குழுவோடு இருந்தவர் என்றால், அந்த ஆண்டுகளும் உண்மையான பயிற்சிதான். அதை ஆசான் எழுதித் தந்தால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

குரு–சிஷ்யத் திட்டத்தில் ஆசானின் பெயரை மாநிலப் பண்பாட்டுத் துறை பரிந்துரைக்கும். ஆகவே முதலில் கலை பண்பாட்டுத் துறையை அணுகுங்கள். ஆசானிடம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அடையாள அட்டை இருந்தால் நகல் வையுங்கள். என்ன கற்பிக்கப்போகிறார் என்பதை விரிவாக எழுதுங்கள்: ஆட்டுத்தோலைப் பதப்படுத்துவது, உருவம் வெட்டித் துளையிடுவது, சாயம் ஏற்றுவது, ஒரே ஆள் பல பாத்திரங்களுக்குக் குரல் மாற்றிப் பேசுவது. "பாவைக்கூத்துப் பயிற்சி" என்ற ஒற்றை வரி இந்தக் கலைக்குச் செய்யும் அநியாயம்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். இத்திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500, சிஷ்யருக்கு 1,500 ரூபாய் என்பதே அறிவிக்கப்பட்ட தொகை. காலம் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. தற்போதைய தொகையை மையத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். மாணவர் கூலி வேலைக்குப் போகிறவர் என்றால், அதை விட்டுவிட்டுக் கற்க இந்தத் தொகை போதாது. பயிற்சியை மாலையிலும் விடுமுறையிலும் வைக்க ஆசானிடம் இப்போதே பேசிவிடுங்கள்.