‘22 இன்ச் செயின்’ என்று கேட்டு வாங்காதீர்கள்

கேள்வி: தென்னந்தோப்பு வேலைக்கு 58 சிசி செயின் சா வைத்திருக்கிறேன், 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). பழைய செயின் இழுத்துப்போனதால், கடையில் ‘22 இன்ச் செயின்’ என்று கேட்டுப் புதிதாக வாங்கினேன். பாரின் பள்ளத்தில் உட்காருகிறது. ஆனால் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) ஏறி நிற்கிறது, கையால் இழுத்தால் சிக்குகிறது. ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் சரியாகுமா? அப்படியே 24 இன்ச் பார் போட்டுவிடலாமா?

பதில்: அந்தச் செயினை ஓட்டிப் பார்க்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வந்திருப்பது வேறு பிட்ச் (ரிவெட் இடைவெளி) செயின்.

இன்ச் கணக்கு பாரின் வெட்டும் நீளத்தை மட்டும்தான் சொல்லும். செயினை முடிவு செய்வது பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் இறங்கும் பல்) எண்ணிக்கை ஆகிய மூன்றும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். மூன்று ரிவெட்டுக்கு 16.5 மி.மீ. வந்தால் அது .325 இன்ச் பிட்ச் செயின். 19 மி.மீ. வந்தால் 3/8 இன்ச். உங்கள் வகை 58 சிசி மெஷின்களில் பெரும்பாலும் .325தான் வரும். நீங்கள் வாங்கியதை அளந்து பாருங்கள், 19 பக்கம்தான் காட்டும் என்று நினைக்கிறேன். பழைய செயின் நீண்டிருப்பதால் அதில் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம்.

பள்ளத்தில் ஆட்டமில்லாமல் உட்காருகிறது என்றால் கேஜ் பொருந்திவிட்டது. பள்ளத்துக்குள் இறங்கும் பல்லின் தடிமன்தான் கேஜ். இந்த மெஷின்களில் வழக்கமாக .058 இன்ச், அதாவது ஏறக்குறைய 1.5 மி.மீ. அப்புறம், அந்தப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். உங்கள் வகை 22 இன்ச் பாருக்கு வழக்கமாக 86 வரும், 20 இன்ச்சுக்கு 76. அதே 20 இன்ச், அதே .325 பிட்ச் என்றாலும் ஹஸ்க்வர்னா பாருக்கு 80, ஸ்டில் பாருக்கு 81 தேவைப்படும். அதனால்தான் இன்ச் சொல்லி வாங்கக் கூடாது என்கிறேன். பாரின் அடிப்பகுதியில் இந்த எண்கள் பொறித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தெரியும்.

ஸ்ப்ராக்கெட்டை 3/8க்கு மாற்றினால் வேலை முடியாது. பாரின் நுனியிலும் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது, அதுவும் .325தான். பாரையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். வீண் செலவு.

ஆனால் ஸ்ப்ராக்கெட்டை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஸ்ப்ராக்கெட் இருக்கும் கிளட்ச் டிரம்மை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பற்களின் மேல் செயின் தேய்த்த தடம் தெரியும். அந்தக் குழி அரை மி.மீ. ஆழத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். சைக்கிளில் தேய்ந்த பல்சக்கரத்தின் மேல் புதுச் செயின் போடுவதைப் போலத்தான் இதுவும்: புதுச் செயின் சீக்கிரமே நீண்டுபோகும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. மாற்றும்போது 7 பல்லுக்கு 7 பல்லே போடுங்கள். 8 பல் போட்டால் செயின் வேகம் கூடும், இழுவை குறையும்.

24 இன்ச் பார் வேண்டவே வேண்டாம். 58 சிசிக்கு 22 இன்ச்சே எல்லை. பார் நீண்டால் இன்ஜினுக்குச் சுமை கூடும், நுனி வரை எண்ணெயும் சரியாகப் போய்ச் சேராது. என்னைக் கேட்டால் 18 இன்ச் பாரும் 72 லிங்க் செயினும் வாங்குங்கள். சாதாரணத் தென்னைக்கு அது தாராளம், கையும் வலிக்காது.

செயினில் செமி சிசல் வகையைக் கேளுங்கள். தென்னையின் நாரும் தூரில் ஒட்டியிருக்கும் மண்ணும் கூர்முனைப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். செமி சிசலின் உருண்ட முனை அதைவிட அதிக நேரம் தாங்கும். தீட்டுவதற்கு 4.8 மி.மீ. உருண்டை அரம் ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.