டைப் டீச்சர் பதில்கள்

'டைப்ரைட்டர்' என்ற சொல்லை, மிஷினின் மேல் வரிசையை விட்டு விரலை இறக்காமலே அடித்துவிடலாம் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதிவைத்தேன். அதற்குத்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. சமையல் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே மாதிரி ஒரே வரிசை எழுத்துகளால் ஆன நீளமான ஆங்கிலச் சொற்கள் வேறு உண்டா? பொருளோடு சொல்லுங்கள்.
(கல்லூரி மாணவி, பெருந்துறை)

இருக்குது அம்மணி. கோபியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் 31 வருஷம் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். மொத்தம் எட்டு மிஷின். காலை ஆறு மணி பேட்ச்சில், சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு நேராக வரும் பையன்கள் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று அடித்து அடித்துத் தூங்கி விழுவார்கள். லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையர் பரீட்சைக்கு 45. அதுவரை அவர்களை ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே! தூக்கம் கலைக்க நான் வைத்த விளையாட்டுதான் இது.

மேல் வரிசையில் க்யூ முதல் பி வரை பத்து எழுத்து. டைப்ரைட்டர் என்ற சொல்லுக்கும் பத்து எழுத்து. கடைவீதியில் எந்த போர்டைப் பார்த்தாலும் கீழ்மூலையில் இருக்குமே 'ப்ரொப்ரைட்டர்', கடைக்குச் சொந்தக்காரர், அதுவும் பத்து எழுத்து, முழுக்க மேல் வரிசை. 'பெர்பெச்சுவிட்டி' என்பதும் அப்படியே. முடிவில்லாத காலம் என்று பொருள். பழைய பத்திரங்களில் 'சந்திர சூரியர் உள்ளவரை' என்று வருமே, அது. 'ரெப்பர்ட்வா' என்றால் ஒரு பாடகரோ கூத்துக்காரரோ எப்போது கேட்டாலும் எடுத்துவிடத் தயாராக வைத்திருக்கும் சரக்கு மொத்தமும்.

நடு வரிசையில் உயிரெழுத்து 'ஏ' ஒன்றுதான். அதனால் அங்கே நீளமான சொல் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்குப் பிடித்தது 'அல்ஃபால்ஃபா', ஏழு எழுத்து. அந்தியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், "அது என்னங் டீச்சர்?" என்றான். "உங்க கட்டுத்தரையில தினமும் அறுத்துப் போடறதுதான்டா, குதிரை மசால்" என்றேன். அவன் நம்பவே இல்லை. ஸ்பானியர்கள் அந்தச் சொல்லை அரபியிலிருந்து எடுத்தார்கள், அரபிக்கு அது பழைய பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருளே குதிரைத் தீனி. ஆடி மாசம் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை ஓட்டிவருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், வேறென்ன சொல்லுவோம் என்று.

கீழ் வரிசையில் உயிரெழுத்தே கிடையாது. அங்கே எதையும் தேடாதீர்கள்.

வரிசையை விட்டுக் கைக்கு வந்தால் இன்னும் நீளமாகவே கிடைக்கும். ஒருமுறை தறியில் வலது கை விரல் நசுங்கி, பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பையன் வந்து நின்றான். ஃபீஸ் கட்டிவிட்டான், வீட்டுக்குப் போகச் சொன்னால் போகமாட்டான். சரி என்று இடது கைக்கு மட்டும் பாடம் தயார் செய்தேன். 'ஸ்டூவர்டெசஸ்', 12 எழுத்து, விமானப் பணிப்பெண்கள். 'ரிவெர்பரேட்டட்', அதுவும் 12, எதிரொலித்தது என்று பொருள். 'ஆஃப்டர்எஃபெக்ட்ஸ்', பின்விளைவுகள், அதற்கும் 12. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் பின்விளைவுகள் அடித்தான், பாவம். வலது கைக்கு மட்டும் என்றால் 'பாலிஃபனி', ஒன்பது எழுத்து. பல குரல்கள் தனித்தனி மெட்டில் போய் ஒன்றாக இசைவது.

ஒரு நீளமான சொல்லின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் இன்னொரு நீளமான சொல் வருமா?
(விவசாயி, அன்னூர்)

வரும். அனகிராம் என்பார்கள். 'லிசன்' எழுத்தை மாற்றினால் 'சைலன்ட்' வருவதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருப்பார்கள், அதை விடுங்கள். 'சினிமட்டோகிராஃபர்', ஒளிப்பதிவாளர், 15 எழுத்து. ஒன்றைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் மாற்றி அடுக்கினால் 'மெகாகைராப்டெரன்' வரும். ஊர் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் இருக்கிறதல்லவா, அந்த இனத்துக்குப் பேர். கிரேக்கத்தில் மெகா என்றால் பெரிது, கைர் என்றால் கை, டெரான் என்றால் சிறகு. வௌவாலின் சிறகை விரித்துப் பார்த்தால் நீண்ட விரல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய தோல்தான், அதனால் கைச்சிறகு. நம் கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினாரே, சினிமாவும் வௌவாலும் இருட்டில் பிழைக்கிற ஜாதி என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

சொற்றொடர் வேண்டுமென்றால் 'இலெவன் ப்ளஸ் டூ'. அதே எழுத்துகளில் 'ட்வெல்வ் ப்ளஸ் ஒன்'. கூட்டினால் இரண்டுக்கும் விடை 13. எழுத்தை எண்ணுங்கள், இரண்டிலும் 13. இதை முதலில் கண்டபோது நான் அன்றைக்கு ரசம் தாளிக்க மறந்துவிட்டேன்.

45 எழுத்தில் ஒரு நோய் இருப்பதாகப் பேரன் சொல்கிறான். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு வருமாம். உண்மையா?
(ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, பல்லடம்)

சொல் உண்மைதானுங்க, ஆனால் அது வேண்டுமென்றே நீட்டிக் கட்டியது. அமெரிக்காவில் புதிர் ஆர்வலர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித் என்பவர் 1935-ல் உருவாக்கினார். பார்த்துப் பயப்படாமல் துண்டு போடுங்கள்: நிமோனோ (நுரையீரல்), அல்ட்ரா மைக்ராஸ்கோபிக் (நுண்ணோக்கிக்கும் எட்டாத பொடி), சிலிக்கோ (மணலில் உள்ள தாது), வால்கேனோ (எரிமலை), கோனியோசிஸ் (தூசியால் வரும் நோய்). எரிமலைத் தூசி நெஞ்சில் தங்குவது என்று ஆகிறது. டாக்டர்கள் சிலிக்கோசிஸ் என்று சுருக்கமாகவே சொல்வார்கள். அது கல் உடைக்கிறவர்களுக்கும் மணல் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கும் வருவது.

பஞ்சு மில்காரர்களுக்கு உரியது வேறு. 'பிஸினோசிஸ்', பத்தே எழுத்து. ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசியால் வருவது. வாரலீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள்தான் நெஞ்சை அதிகம் இறுக்கும், அதுதான் அதன் அடையாளம். எங்கள் சித்தப்பா திங்கட்கிழமை சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து மூச்சை இழுப்பார். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சித்தியைத் திட்டுவோம். உங்களுக்கு அந்த மாதிரி இருந்தால் பேரனிடம் கேட்க வேண்டாம், நெஞ்சு டாக்டரிடம் போய் எந்த டிபார்ட்மென்டில் எத்தனை வருஷம் என்பதைச் சொல்லுங்கள்.

'ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்' என்றால் என்ன? பல் சுளுக்கிக்கொள்கிறது.
(பனியன் கம்பெனி செக்கிங் பணியாளர், அவிநாசி)

ஒன்றைத் துளியும் மதிக்காமல் தள்ளிவிடுவது. 29 எழுத்து. லத்தீன் இலக்கணப் பாடத்தில் 'மதிப்பே இல்லை' என்று சொல்ல நாலு சொல் வரும். அதை எல்லாம் ஒன்றாக ஒட்டியது. ஃப்ளாக்கஸ் என்றால் கம்பளித் துணுக்கு, நாக்கம் அற்பப் பொருள், நிஹில் ஒன்றுமில்லை, பைலஸ் மயிர். ஆக, உங்கள் டேபிளைச் சுற்றிப் பறக்கிற பஞ்சு மாதிரி நினைப்பது. கடைசித் துண்டைப் பாருங்கள். கோபத்தில் நம்ம ஊரில் எந்தச் சொல் வாயில் வருமோ, ரோமாபுரிக்காரனுக்கும் அதே சொல்தான் வந்திருக்கிறது! வில்லியம் ஷென்ஸ்டோன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1741-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். டைப்புக்காரியாக எனக்கு இதில் பிடித்தது வேறு: 'ஐ' ஒன்பது தடவை வருகிறது, இங்கிலீஷில் அதிகம் புழங்கும் 'இ' ஒன்றுகூட இல்லை.

மூன்று இரட்டை எழுத்து அடுத்தடுத்து வரும் சொல் உண்டா?
(மஞ்சள் மண்டிக் கணக்கர், ஈரோடு)

நீங்கள்தான்! 'புக்கீப்பர்'. ஓ ஓ, கே கே, இ இ.

அந்த எட்டு மிஷினும் இப்போது எங்கே டீச்சர்?
(பழைய மாணவர், சத்தியமங்கலம்)

ஏழு பழைய இரும்புக்குப் போய்விட்டது கண்ணு, எடைக்குத்தான். ஒரு ரெமிங்டன் மட்டும் அலமாரிக்குப் பக்கத்தில் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாரும் அடித்த அடியில் 'இ' எழுத்தின் கம்பி ஒடிந்துபோனது. ஒட்டவைக்க ஆள் கிடைக்கவில்லை. பேத்தி லீவுக்கு வந்தால் அதில் அந்த 29 எழுத்துச் சொல்லை அடித்துக் காட்டுவேன், ஒன்றுகூட விடாமல் விழும். அவள் பேரை அடித்துத் தரச் சொல்லி அழுகிறாள். அதில் இரண்டு 'இ' இருக்கிறது.