முகூர்த்தத்தன்று கேமரா யார் கையில்? கல்யாண போட்டோகிராபர் குறித்த கேள்வி பதில்

கேள்வி (மணமகளின் அண்ணன், கும்பகோணம்): தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மூன்று ஸ்டூடியோ பார்த்தோம். மூன்று பேருடைய இன்ஸ்டாகிராமும் அழகாகத்தான் இருக்கிறது. யாரைப் பேசுவது?

பதில்: இன்ஸ்டாகிராமை மூடி வையுங்கள். அங்கே இருப்பது நூறு கல்யாணத்தில் பொறுக்கிய நூறு படம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே கல்யாணத்தின் எல்லாப் படமும். விடிகாலை முகூர்த்தம், உங்கள் மண்டபம் போலவே ஒரு மண்டபம், 500 படத்துக்குக் குறையாத முழுத் தொகுப்பு என்று கேளுங்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், அது இன்னொரு வீட்டுப் படம். ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

பார்க்கும்போது அலங்காரத்தில் மயங்க வேண்டாம். ஹோமப் புகை கிளம்பிய பிறகும் முகம் தெளிவாக இருக்கிறதா? மாப்பிள்ளை வேட்டியில் மடிப்பு தெரிகிறதா, வெறும் வெள்ளையாக வெளுத்துவிட்டதா? பட்டுப்புடவை ஜரிகையில் வேலைப்பாடு தெரிகிறதா? பெண்ணின் முகமும் கையும் ஒரே நிறமா? எடிட்டிங்கில் முகத்தை மட்டும் வெளுக்க வைத்திருந்தால் கை காட்டிக்கொடுத்துவிடும். குரூப் போட்டோவில் பின்வரிசைப் பாட்டி ஷார்ப்பாக விழுந்திருக்கிறாரா? பின்னணி மங்கலாக இருந்தால் அழகு என்று 1.4 அப்பர்ச்சரில், அதாவது லென்ஸை அகலத் திறந்து வைத்து, குரூப் எடுப்பவர்கள் உண்டு. முன்வரிசை பளிச்சென்று இருக்கும், பின்வரிசை கரைந்து போகும்.

கடைசியாக, "அன்றைக்கு யார் வருவார்?" என்று கேளுங்கள். பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோ நாலைந்து கல்யாணம் பிடித்திருக்கும். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போவார், மற்றவற்றுக்கு நாள் கூலிக்கு வெளியாள். வெளியாள் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் நீங்கள் பார்த்து மயங்கிய படம் அவர் எடுத்ததில்லையே. வருகிறவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி (பெண்ணின் அப்பா, ஈரோடு): மொத்தம் எவ்வளவு ஆகும்?

பதில்: எத்தனை வேளை, எத்தனை ஆள், எத்தனை ஷீட் ஆல்பம்? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அதே தாளை மூன்று ஸ்டூடியோவில் காட்டி விலை கேளுங்கள். சொல்லும் தொகையில் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (மணமகள், சேலம்): கேண்டிட் (நிற்கவைக்காமல் இயல்பாக எடுக்கும் படம்) மட்டும் போதும் என்கிறேன். அம்மா சம்மதிக்கவில்லை.

பதில்: அம்மா பக்கம்தான் நியாயம். கேண்டிட் எடுப்பவர் உங்கள் சிரிப்பையும் அப்பாவின் கண்ணீரையும் தேடி அலைவார். மேடையில் வரிசையாக வந்து நிற்கும் நானூறு பேரை அவரால் எடுக்க முடியாது, எடுக்கவும் மாட்டார். தாய்மாமன் சீர் எப்போது, பாத பூஜைக்கு யார் யார் உட்காருவார்கள் என்று தெரிந்து, ஒருவரையும் விடாமல் எடுப்பவர் டிரெடிஷனல் போட்டோகிராபர். இரண்டு வகைக்கும் தனித்தனி ஆள் வையுங்கள். வீடியோவுக்குத் தனியாள். ஒருவரே இரண்டையும் பார்ப்பார் என்றால், கெட்டிமேளம் கொட்டும்போது அவர் கையில் எது இருக்கும்?

கேள்வி (மணமகன், நாகர்கோவில்): நண்பன் ரிசப்ஷன் படங்களில் எல்.இ.டி. திரை முழுக்கக் கோடு கோடாக இருந்தது. கேமரா கோளாறா?

பதில்: கேமரா நன்றாகத்தான் இருந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 அல்லது 1/50 நொடி என்று இருந்தால் ஒரு முழுச் சுற்றின் வெளிச்சம் விழுந்துவிடும். 1/500 வைத்தால் சுற்றில் ஒரு துண்டுதான் விழும், அதுதான் படத்தில் தெரியும் கோடு. எல்.இ.டி. திரைக்குத் தனி ரெஃப்ரெஷ் வேகம் (படத்தைப் புதுப்பிக்கும் வேகம்) உண்டு. மேடை தயாரானதும் நாலைந்து ஷட்டர் வேகத்தில் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே போட்டோகிராபர் விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேடையில் நிற்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஊதா, நீலக் கலர் லைட். முகத்தில் ஒரே ஒரு நிறம் மட்டும் விழுந்தால் எந்த எடிட்டராலும் தோல் நிறத்தை மீட்க முடியாது. முன்பக்கத்திலிருந்து வெள்ளை லைட் மட்டும், கலரெல்லாம் பின்னால் என்று டெக்கரேஷன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பெண்ணின் மாமா, கரூர்): தோராயமாக ஒரு தொகை சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (மணமகன், பல்லாவரம்): வீட்டு மொட்டை மாடியில் நலங்கு. ட்ரோன் விடலாமா?

பதில்: விமான நிலையத்தின் மதிலை ஒட்டிக் குடியிருக்கிறீர்கள். அது சிவப்பு மண்டலம், மத்திய அரசு அனுமதியில்லாமல் கூடாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு: 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்கு ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். இடம் எந்த மண்டலம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்க்கலாம். முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் உச்சம். மண்டபத்துக்குள் வேண்டவே வேண்டாம், அட்சதையோடு பூத்தோரணமும் தலையில் விழும்.

கேள்வி (மணமகன், கோவை): ரா ஃபைல் (கேமராவில் பதிவான, எடிட் செய்யாத மூலப் பதிவு) எல்லாம் கேட்டேன், தரமாட்டேன் என்கிறார். பணம் கொடுப்பது நான்தானே?

குறுக்கீடு (போட்டோகிராபர், திருச்சி): பந்தியில் சாப்பிட்டு முடித்துவிட்டு, நறுக்காத காய்கறியையும் கட்டிக் கொடு என்பதுபோல இருக்கிறது. எடுத்தவனுக்குத்தான் படம் சொந்தம்.

பதில்: திருச்சிக்காரரே, காய்கறி உவமை சரி, சட்டம் தப்பு. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு அதற்குக் கூலியும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், கேட்டுக்கொண்ட அந்த ஆள்தான். மாறான உடன்பாடு இருந்தால் மட்டுமே கதை வேறு.

திருச்சி: அப்படியானால் என் வேலையை நான் நாலு பேருக்குக் காட்டவே கூடாதா?

பதில்: கேட்டுவிட்டுக் காட்டுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். கேட்காமல் பெண் வீட்டார் படத்தை விளம்பரத்துக்குப் போடுவதுதான் தகராறாகிறது.

மணமகளின் அக்கா, மதுரை: எங்கள் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் "காப்புரிமை ஸ்டூடியோவுக்கே" என்று இருக்கிறது. கையெழுத்தும் போட்டாயிற்று.

பதில்: அதுதான் அந்த மாறான உடன்பாடு. மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி, "வீட்டார் அனுமதியின்றி எங்கும் வெளியிடக் கூடாது" என்றாவது எழுதி வாங்குங்கள்.

கோவை: என் கேள்வி என்ன ஆயிற்று?

பதில்: மன்னிக்கவும். உரிமை யாருடையது என்பது ஒன்று, எந்த ஃபைலைத் தருவது என்பது வேறொன்று. பின்னது பேச்சுவார்த்தையில் முடிவாவது. சாதாரணமாக ரா ஃபைலைத் திறக்கவே உங்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும். "எல்லாப் படமும் முழு அளவு ஜே.பி.இ.ஜி., குறிப்பிட்ட தேதிக்குள்" என்று எழுதி வாங்குங்கள், போதும். ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜி.பி. பிடிக்கும். இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினாலே 540. அதனால் 2 டெராபைட். கைக்கு வந்ததும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி. ஸ்டூடியோ எத்தனை மாதம் வைத்திருக்கும் என்பதையும் கேளுங்கள். இன்னொன்று: கேமராவில் இரண்டு மெமரி கார்டு ஸ்லாட் இருந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். கார்டு கெட்டால் தாலி கட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி (மணமகள், தஞ்சாவூர்): எந்த மேக்கப் போட்டால் போட்டோவில் எடுப்பாக இருக்கும்?

பதில்: என் துறையில்லை. மேக்கப் போடுபவரைக் கேளுங்கள்.

கேள்வி (மணமகனின் அப்பா, விருதுநகர்): மூத்தவன் கல்யாணத்துக்கு ஆல்பம் ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது.

பதில்: படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது எப்போது? பெரும்பாலும் தாமதம் அங்கேதான். 12×36 அங்குலத்தில் 40 ஷீட் என்றால், ஷீட்டுக்கு நாலு படம் வைத்து 160 படம். நாலாயிரத்திலிருந்து இதைப் பொறுக்க இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தால் தீபாவளி வந்துவிடும். வீட்டுக்கு ஒருவர், இரண்டே பேர் உட்காருங்கள். அச்சுக்குப் போகுமுன் டிசைனைப் பார்த்துப் பெயர், தேதி சரிபாருங்கள். கடைசித் தவணையை ஆல்பம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

கேள்வி (மணமகளின் தோழி, வேலூர்): ஒருவருக்கு இன்ஸ்டாகிராமில் லட்சம் ஃபாலோயர்...

பதில்: முழுக் கல்யாணம். ஒரே கல்யாணம். முதல் பதில்.

கேள்வி (மணமகன், திண்டுக்கல்): தாலி கட்டும்போது எல்லோரும் எழுந்து மறைத்துவிடுகிறார்களே?

பதில்: முந்தின நாள் இரவே ஐயரிடமும் போட்டோகிராபரிடமும் சேர்த்துப் பேசுங்கள். நீங்கள் நிற்பீர்களா உட்காருவீர்களா, பெண்ணின் முன்னாலிருந்து கட்டுவீர்களா பின்னாலிருந்தா, மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவாரா? அதைப் பொறுத்து எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவாகும். அந்தப் பக்கத்தில் மூன்றடி இடைவெளியைக் காக்க, குரல் கனத்த சித்தப்பா ஒருவரை நிறுத்துங்கள். செல்போனை நீட்டும் கைகளை அவர்தான் இறக்க முடியும், போட்டோகிராபர் சொன்னால் சண்டை வரும்.

கேள்வி (பெண்ணின் அம்மா, திருவாரூர்): போட்டோகிராபர்களுக்குச் சாப்பாடு எந்தப் பந்தியில்?

பதில்: இரண்டிரண்டு பேராக, கூட்டம் குறைந்த பந்தியில், மேடைக்கு ஒரு கேமராவாவது இருக்கும்படி. கடைசிப் பந்தி என்று தள்ளினால் இலை போடுவதற்குள் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள், அந்தப் படமும் போய்விடும்.