தண்ணீர் திருடவா இவ்வளவு தூரம் வருவார்கள்?

வேற்றுக்கிரகவாசிகள் வந்தால் நம் தண்ணீரையும் கனிமங்களையும் கொள்ளையடிப்பார்களா? (செந்தூல் வாசகர்)

கணக்கு இடிக்கிறதே! வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில், பூமியின் கடல்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீர் இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். இரும்பும் நிக்கலும் சிறுகோள்களில் கிடக்கின்றன. பூமியிலிருந்து ஒரு பொருளை வெளியேற்ற விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். சீரிஸ் குறுங்கோளில் அரைக் கிலோமீட்டரே போதும். வாசலில் குழாய் இருக்க, யாராவது கிணற்றில் இறங்கி மொள்வார்களா?

இங்கே மட்டும் கிடைப்பது நம் உயிரினங்கள். அதற்குக்கூட மூட்டை கட்ட வேண்டியதில்லை. நம்மூர்ப் பால்மரத்தையே, அதாவது ரப்பர் மரத்தையே பாருங்கள். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள்தாம். காட்டை யாரும் பெயர்த்து வரவில்லை. விதை போன அன்று பிரேசிலுக்கு ஒரு நட்டமும் இல்லை. முப்பது, நாற்பது ஆண்டு கழித்து மலாயா ரப்பர் சந்தையில் குவிந்தபோதுதான் அமேசான் வணிகம் படுத்தது. விண்மீன் தாண்டி வருகிறவருக்கு விதைகூடச் சுமை. மரபணு வரிசையைப் படித்துக்கொண்டால் போதும். நம்மிடம் அனுமதி கேட்பார்களா என்றால், விக்கம் அந்தக் காட்டுவாசிகளிடம் கேட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

போர் தொடுத்தால் தாக்குப்பிடிப்போமா? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

மாட்டோம். அவர்களுக்குத் தனியாக ஆயுதமே வேண்டாம். ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கில் வரும் ஒரு கிலோ கல், ஹிரோஷிமா குண்டைப்போல் ஏழு மடங்கு ஆற்றலோடு மோதும். அதே வேகத்தில் 1,000 டன் கலம் ஒன்றை ஓட்ட, உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்பது மாதம் செலவழிக்கும் ஆற்றல் தேவை. இவ்வளவு கொட்டி, சண்டை பிடிக்க மட்டும் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் பயப்படுவது பிரேக்குக்கு. விண்வெளியில் உராய்வு இல்லை. வேகத்தைக் குறைக்க எஞ்சினைத் திருப்பி முன்பக்கம் பீய்ச்ச வேண்டும். முன்பக்கம் என்றால் நம் பக்கம். பகையே இல்லாமல், கவனக்குறைவால் மட்டுமே நாம் கருகலாம்.

நம்மைத் தின்பார்களா? நோய் பரப்புவார்களா? (ஆயர் ஈத்தாம் வாசகி)

தின்பது சந்தேகம். அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை என இரு வகை உண்டு; நம் புரதங்கள் இடக்கை வகை. அவர்களுடையது வலக்கை என்றால் நாம் அவர்களுக்கு வெறும் சக்கை. வைரஸும் அப்படித்தான்: நம் செல்லின் பூட்டுக்குப் பொருந்தாத சாவி. ஆனால் ஈரமும் சூடும் உப்பும் இருந்தாலே வளரும் பூஞ்சை போன்ற ஒன்றை அப்படித் தள்ளிவிட முடியாது. அலமாரியில் வைத்த தோல்செருப்பில் பூசணம் பூக்கும் ஊர் நம்முடையது!

நாம் செய்த காவலும் ஓட்டைதான். 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களை 21 நாள் தனிமையில் வைத்தார்கள். ஆனால் கலத்தின் கதவை அதற்கு முன்பே நடுக்கடலில் திறந்தாயிற்று. நம் கிருமி அங்கே தொற்றாதபடி, செவ்வாய்க்குப் போன வைக்கிங் கலங்களைச் சுமார் 112 டிகிரி செல்சியஸில் முப்பது மணி நேரம் சுட்டெடுத்தது உருப்படியான வேலை.

அவர்களிடம் பேசப்போகும் தூதர் ஒரு மலேசியராமே? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

2010இல் வந்த பத்திரிகைச் செய்தி அது. ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத் தலைவராக இருந்த மஸ்லான் ஒத்மான் அப்போதே மறுத்துவிட்டார். இருப்பது 1989இல் ஆய்வாளர்கள் வகுத்த நெறிமுறை. வேற்றுக்கிரகச் சமிக்ஞை கிடைத்தால்: வேறு தொலைநோக்கிகளால் சரிபார், பிறகு அறிவி, உலக நாடுகளைக் கலக்காமல் பதில் அனுப்பாதே. சட்டபலம் கிடையாது. அதற்கு முன்பே, 1974இல், போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து 1,679 பிட் செய்தி போய்விட்டது. சேருமிடம் சுமார் 25,000 ஒளியாண்டு தூரம், அவசரம் இல்லை.

ஏற்கெனவே ஒளிந்திருந்து பார்க்கிறார்களோ? (பத்துமலை வாசகி)

1973இல் வானியலாளர் ஜான் பால் (John Ball) முன்வைத்த ‘மிருகக்காட்சிசாலை’ கருதுகோள் இதுவே. பழங்குடியினர் தனித்து வாழும் அந்தமானின் வட சென்டினல் தீவை யாரும் நெருங்கக்கூடாதென்று இந்தியா தடுப்பதுபோல, நம்மையும் தொடாமல் விட்டிருக்கலாம். சிக்கல் என்னவென்றால், எல்லா நாகரிகங்களும், எல்லாக் காலத்திலும், ஒன்றுவிடாமல் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்க வேண்டும். உங்கள் ஊர்த் தைப்பூசக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கைப்பேசியை எடுக்கக்கூடாது என்று அறிவித்துப் பாருங்களேன்.