கப்பல் டைலைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: வேலை நிமித்தமாக நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் கடையில் நீல நிறக் கப்பல் வரைந்த டெல்ஃப்ட் டைல் (டெல்ஃப்ட் என்ற டச்சு ஊரின் பெயரால் அழைக்கப்படும் பழைய சுவர் ஓடு) ஒன்று வாங்கினேன். மூலைகளில் குட்டித் துளைகள் இருப்பதால் 17-ஆம் நூற்றாண்டுதான் என்றார் கடைக்காரர். நிஜமா? ஓரம் சற்று உடைந்திருக்கிறது, சரிசெய்யலாமா? இன்னும் சில சேர்க்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் துளை விஷயம். பாதி காய்ந்த களிமண் பலகையைச் சதுரமாக வெட்டும்போது, அது நகராமலிருக்க ஆணி வைத்த மரப்பலகையை மேலே அழுத்துவார்கள். அந்த ஆணியின் தடம்தான் உங்கள் டைலில் இருப்பது. கையால் செய்தது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் இதே முறை 18, 19-ஆம் நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தது, பின்னால் வந்த நகல்களிலும் துளை உண்டு. ஆகவே துளையை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது.

டைலைத் திருப்பி, ஓரத்தைப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தவை 1 செ.மீ.க்கு மேல் கனமாக இருக்கும். போகப்போக மெலிந்து, 18-ஆம் நூற்றாண்டில் 7, 8 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டன. பக்கம் சுமார் 13 செ.மீ. என்பது மட்டும் பெரிதாக மாறவில்லை. பின்புறம் பழைய சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தால், ஒரு காலத்தில் சுவரில் இருந்திருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஓவியம். ஊசியால் குத்திய தாளை டைல் மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். விழும் புள்ளிகளைத் தொட்டு கோபால்ட் நீலத்தில் கோடு இழுப்பார்கள். வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு சுடுவதற்கு முன் மாவுபோல இருக்கும், நிறத்தை உடனே உறிஞ்சிவிடும். அழித்து வரைய வழியில்லை. அதனால்தான் நல்ல கை வரைந்த பாய்மரக் கயிறு ஒரே வீச்சில் போய், முடிவில் மெலிந்து நிற்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சிட்ட நகலில் கோடு சீராக இருக்கும், சில சமயம் நுண்ணிய புள்ளிகளாகவும் தெரியும். எனக்கு இந்தக் கயிறுகள்தான் கப்பல் டைலின் உயிர்.

டெல்ஃப்ட் என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். நீங்கள் இருக்கும் ராட்டர்டாமிலும், ஹார்லிங்கன், மக்கும் போன்ற ஃப்ரீஸ்லாந்து மாகாண ஊர்களிலும் டைல் ஏராளமாகச் செய்தார்கள். ராட்டர்டாமின் கார்னெலிஸ் பௌமேஸ்டர் பல டைல்களைச் சேர்த்துத் துறைமுகக் காட்சிகளே தீட்டியவர்.

உடைந்த ஓரத்தை அப்படியே விடுங்கள். நிறம் பூசி மறைத்த டைலைவிட, உடைப்பு வெளியே தெரியும் டைலையே நான் வாங்குவேன். மறைத்த இடத்தை அல்ட்ராவயலட் டார்ச் பெரும்பாலும் காட்டிவிடும், விரலால் தடவினாலும் பளபளப்பு மாறுவது தெரியும். வினிகர், ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். பூச்சில் வெள்ளீயத்தோடு ஈயமும் உண்டு, அமிலம் அதை அரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். சுவரில் சிமெண்ட் வைத்துப் பதிக்காமல், கம்பி மாட்டியில் தொங்கவிடுங்கள்.

அடுத்து வாங்குவதற்கு முன் ஆட்டர்லோவில் இருக்கும் டைல் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள், கண் பழகிவிடும். வாங்கும்போது காலம், ஊர், செய்த பழுது எல்லாவற்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

காரை புதிதாகப் பெயர்ந்திருந்தால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். நெதர்லாந்தில் அரசுப் பாதுகாப்பில் உள்ள பழைய கட்டடங்களுக்கு உட்புறமும் சேர்த்தே பாதுகாப்பு உண்டு. அனுமதியில்லாமல் அப்படிப்பட்ட கட்டடத்தின் அடுப்படிச் சுவர் டைல்களைப் பெயர்த்து விற்றால் அது குற்றம். சரியான பதில் வராவிட்டால், எவ்வளவு அழகான கப்பலாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.